பட்டி வைத்த தரை

பந்தயக் காரைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாரும் அதன் மேல்பாதியைத்தான் பேசுவார்கள். முன்னால் இருக்கும் இறக்கை, பின்னால் இருக்கும் இறக்கை, பளபளக்கும் பெயிண்ட், ஓட்டுகிறவரின் ஹெல்மெட். அந்தக் காரைத் தூக்கி நிறுத்தி, அதன் அடிவயிற்றை விரலால் தடவிப் பார்த்துவிட்டுப் பேசுகிறவர்கள் ரொம்பக் குறைவு. அப்படித் தடவிப் பார்த்த ஒருத்தியின் கதை இது. கதையின் தொடக்கத்திலேயே ஒன்றைச் சொல்லிவிடலாம்: அவள் லேசில் படியிற ஆள் இல்லை.

ஒர்க்‌ஷாப்பில் அவளுக்குத் தையலக்கா என்று பெயர். வயது ஐம்பதைத் தொட இன்னும் ஒரு வருஷம். ஆள் குட்டை, குரல் நெட்டை. கழுத்தில் இரண்டு கயிறு தொங்கும். ஒன்றில் மூக்குக்கண்ணாடி, இன்னொன்றில் கத்தரிக்கோல். கத்தரியை யாராவது கேட்டால் கொடுக்கமாட்டாள். கேட்டவர் காகிதம் வெட்டத்தான் கேட்டிருப்பார் என்பது அவளுடைய கட்சி. பதினோரு வருஷத்தில் அந்தக் கட்சி ஒரு தடவைகூடத் தோற்றதில்லை.

இங்கே வருவதற்கு முன்னால் அவள் திரைச்சீலை தைக்கிற கம்பெனியில் இருந்தாள். நாடக மேடைக்கும் கல்யாண மண்டபத்துக்கும் போகிற திரைகள். ஒவ்வொன்றும் இரண்டு மாடி உயரம். கம்பெனியை மூடியபோது அவளுக்கு முப்பத்தெட்டு வயது. கார்பன் துணி வெட்ட ஆள் தேவை என்று யாரோ சொல்ல, துணிதானே என்று வந்து நின்றாள். கார் என்றால் ஏறி உட்கார்ந்து போவது என்பதற்கு மேல் அவளுக்கு ஒன்றும் தெரியாது.

வந்த முதல் நாளே வாயைத் திறந்துவிட்டாள். ஒருவர் அந்தக் கறுப்புத் துணியைக் காலண்டர் கிழிக்கிற மாதிரி வெட்டிக்கொண்டிருந்தார். "நேர் இழையில வெட்டுற துண்டு ஒரு மாதிரி நிக்கும், கிராஸா வெட்டினது ஒரு மாதிரி நிக்கும். நீங்க ரெண்டையும் கலந்து வெட்டி வெச்சிருக்கீங்க. இது காய்ஞ்சதும் முறுக்கிக்கும் பாருங்க" என்றாள். அவர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. மறுநாள் அச்சிலிருந்து எடுத்த பாகம் வெயிலில் கிடந்த அட்டை மாதிரி ஒரு பக்கம் முறுக்கிக்கொண்டு வந்தது. அன்றிலிருந்து துணி வெட்டும் அறை அவளுடையது.

அந்த அறையில் ஒரு பெரிய பிரீசர் உண்டு. பிசின் ஊறிய கார்பன் துணிச் சுருள்கள் அதில் உறைந்து கிடக்கும். வெளியே எடுத்த உடனே உறையைப் பிரிக்கக்கூடாது. குளிர் விடுகிற வரைக்கும் காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டுப் பிரித்தால் ஈரம் ஏறிக்கொள்ளும், அந்தப் பாகம் உருப்படாது. துணியை வெட்டி, அச்சில் அடுக்கடுக்காக விரித்து, பிளாஸ்டிக் பையில் மூடி, காற்றை உறிஞ்சி எடுத்து, அடுப்பில் வைத்து வேகவிட வேண்டும். வெந்து வருவது துணி மாதிரியே இருக்காது. தட்டினால் பலகை மாதிரிச் சத்தம் கொடுக்கும். உடைந்து வரும் பாகங்களை ஒட்டுவதும் அவள் வேலைதான்.

ஒட்டினால் ஓர் அட்டை எழுத வேண்டும் என்று எப்போதோ ஒரு மேனேஜர் சட்டம் போட்டிருந்தார். என்ன பாகம், எங்கே உடைந்தது, என்ன வைத்து ஒட்டியது, எத்தனை கிராம் கூடியது என்று எழுதி, ஒரு பிரதியைப் பாகத்தோடு அனுப்பி, இன்னொன்றைப் பெட்டியில் போட வேண்டும். சட்டம் போட்ட மேனேஜர் போய்விட்டார். சட்டம் மட்டும் தங்கிவிட்டது. எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள், குண்டு குண்டான எழுத்தில் பதினோரு வருஷமாக எழுதிக்கொண்டிருந்தாள். பாகத்தோடு போகிற அட்டையை மெக்கானிக்குகள் எண்ணெய் துடைக்க எடுத்துக்கொள்வார்கள். பெட்டியில் விழுகிற அட்டையை யாரும் எடுத்ததே கிடையாது. அது அவளுக்குத் தெரியும். ஆனாலும் எழுதினாள்.

அவள் எழுதியதற்கு ஒரு காரணம் இருந்தது. அவள் புருஷன் இருபத்தாறு வருஷம் பஸ் ஓட்டியவர். சீட்டுக்கு அடியில் ஸ்பிரிங் செத்துப்போன பஸ். குழி வந்தால் குழியும் முதுகில்தான், மேடு வந்தால் மேடும் முதுகில்தான். டிப்போவில் குறை எழுதும் நோட்டு ஒன்று இருந்தது. தினமும் "சீட் குதிக்கிறது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வருவார். கடைசியில் முதுகு போய், வேலையும் போனபோது, அவள் டிப்போவுக்குப் போய் அந்த நோட்டைக் கேட்டு வாங்கிப் புரட்டினாள். பக்கம் பக்கமாக அவர் எழுத்து. "பார்த்தவர்" என்று அச்சடித்த இடத்தில் ஒரே ஒரு எழுத்துகூட இல்லை. நோட்டை மூடி மேஜைமேல் போட்டுவிட்டு அவள் சொன்ன வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. இப்போது அவர் மெத்தையில்லாத பலகையில்தான் படுக்கிறார். செருப்புப் போடக் குனிய வேண்டியிருந்தால் அவளைக் கூப்பிடுகிறார்.

இனி, காரின் தரை, அதாவது அதன் அடிப்பலகை. மற்ற கதையெல்லாம் அதன்மேல்தான் நிற்கிறது.

இந்தக் காருக்குச் சக்கரங்கள் வெளியே திறந்து கிடக்கும், கூரை கிடையாது, ஓட்டுகிறவரின் தலை மட்டும் எட்டிப் பார்க்கும். வளைவில் இது தூக்கியெறியப்படாமல் சாலையைப் பிடித்துக்கொண்டு போவது காற்றின் தயவால். இறக்கைகள் காரைக் கீழே அமுக்கும்; ஆனால் நேர்ச்சாலை வந்தால் அதே இறக்கைகள் சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுக்கும். தரை அந்தக் கெடுபிடி அதிகம் செய்யாது. காருக்கு அடியில் இருக்கும் குறுகலான வழியில் காற்று விரைந்து ஓடும்போது அழுத்தம் குறைந்து, கார் சாலையை நோக்கி உறிஞ்சப்படும். தாழ்வாக வைத்தால் பிடி கூடும். அதற்காக ரொம்பத் தாழ்த்தினால் வழி அடைபட்டுக் காற்று திணறிவிடும். பிடி விட்டுப்போய்க் கார் எழும்பும். எழும்பியதும் காற்று மறுபடி ஓடும், கார் மறுபடி கீழே இறங்கும். இப்படி நொடிக்கு ஐந்தாறு தடவை. பார்க்கிறவனுக்கு அது வேடிக்கை. உள்ளே கட்டிப்போட்டு உட்கார்ந்திருப்பவருக்கு முதுகெலும்பில் சுத்தியல் அடி.

இந்தக் காற்றுக் கணக்கெல்லாம் போடுகிறவரைக் காத்து சார் என்று கூப்பிடுவார்கள். முப்பத்தைந்து வயது. கெட்டிக்காரர் என்பதில் தையலக்காவுக்கே சந்தேகம் கிடையாது. எடை என்றால் மட்டும் அவருக்குப் பேய் பிடித்துவிடும். ஒரு திருகாணி நீளமாக இருந்தால்கூட நீட்டிக்கொண்டிருப்பதை அறுக்கச் சொல்வார். காரை ஓட்டுகிற பெண்ணைத் தேர்ந்தெடுத்ததிலும் அவள் எடைக்குப் பங்கு இருந்தது. அவளுக்குக் குருவி என்று பெயர், நாற்பத்தெட்டு கிலோ. ஆனால் ஸ்டீயரிங்கைப் பிடித்தால் அந்தக் குருவி பருந்தாகிவிடும்.

பந்தய வருஷத்தின் தொடக்கத்தில் மூன்றாம் நம்பர் தரை, வளைவோரத்துக் கட்டையில் மோதி இரண்டு பக்க ஓரமும் பிய்ந்து வந்தது. தையலக்கா ஒட்டினாள். ஒட்டும்போதே அவளுக்கு ஓர் எரிச்சல் இருந்தது: இவ்வளவு அகலமான ஓரம், கரையில் ஒன்றுமே இல்லாமல் மொட்டையாக நிற்கிறதே என்று. திரைச்சீலையின் அடியோரத்தில் பட்டி வைத்துத் தைக்காவிட்டால் மின்விசிறிக் காற்றுக்கே அது படபடக்கும். பத்தொன்பது வருஷம் பட்டி வைத்துத் தைத்த கை சும்மா இருக்குமா? ஓரம் நெடுக மெல்லிய நுரைப்பட்டை ஒன்றை வைத்து, மேலும் கீழும் இழையைக் குறுக்கே ஓடவிட்டுத் துணி போர்த்தி மூடினாள். அட்டையில் எழுதினாள்: "தரை 3. இரு ஓரமும் உடைந்தது. பட்டி வைத்து ஒட்டியிருக்கிறேன். ஒரு பக்கத்துக்கு 340 கிராம் கூடுதல். ஓரம் இப்போது வளையாது."

அதே வாரம் காத்து சார் முன் இறக்கையின் நுனியில் புதிதாகச் சின்னத் துடுப்புகளை வைத்திருந்தார். இரண்டும் ஒன்றாகக் காரில் ஏறின. சோதனை ஓட்டத்தில் கார் தண்டவாளத்தில் ஓடுகிற மாதிரி ஓடியது. முன்னெப்போதும் இல்லாத அளவுக்குத் தாழ்த்தியும் குதிக்கவில்லை. எல்லாரும் துடுப்பைத் தலையில் தூக்கிவைத்து ஆடினார்கள். காத்து சாருக்குக் கைதட்டல். தையலக்காவும் தட்டினாள். அன்றைக்கு அவளுக்கும் விஷயம் தெரியாது.

அப்புறம் காத்து சார் வரைந்து கொடுத்த படத்தில் உள்ளபடி நாலாம் நம்பர், ஐந்தாம் நம்பர் தரைகளைச் செய்யச் சொன்னார்கள். படத்தில் பட்டி ஏது? அவளும் படத்தில் உள்ளதைச் செய்து கொடுத்தாள். ஒட்டுப்போட்ட மூன்றாம் நம்பரை, பார்க்க அசிங்கமாக இருக்கிறது, எடையும் அதிகம், துண்டு போட்டு எறியுங்கள் என்றார் சார்.

"நல்ல வேலை செஞ்சு வெச்சதை வெட்ட எனக்குக் கை வராது. என் மேசை ஆடுது. நான் மேசையா வெச்சிக்கிறேன்" என்றாள்.

சார் சிரித்துவிட்டு, "என்னமோ பண்ணுங்கக்கா" என்று போய்விட்டார். கட்டில் நீளத்துக்கு இருந்த அந்தத் தரையை இரண்டு முக்காலிகளின்மேல் போட்டு, அதன்மேல் ரப்பர் விரிப்பை விரித்து, துணி வெட்டத் தொடங்கினாள்.

நாலாம் நம்பர் தரையோடு ஓடிய முதல் பந்தயத்திலேயே கார் குதிக்க ஆரம்பித்தது. ஐந்தாம் நம்பரில் இன்னும் மோசம். காரை ஆறு மில்லிமீட்டர் உயர்த்திப் பார்த்தார்கள். குதிப்பது நின்றது, வேகமும் நின்றது. மறுபடி தாழ்த்தினார்கள். மூன்று பந்தயம் இப்படியே போனது. கார் சரியாகத்தான் இருக்கிறது, ஓட்டுகிற பெண்ணுக்குத்தான் பயம் பிடித்துவிட்டது என்ற பேச்சு முதலில் முணுமுணுப்பாகக் கிளம்பி, பிறகு மேனேஜர் வாயிலேயே வந்துவிட்டது. அடுத்த பந்தயத்திலும் இப்படியே என்றால் வேறு ஆளைப் போடுவதாக அவர் குருவியிடமே சொன்னார்.

அன்று மத்தியானம் குருவி துணி வெட்டும் அறைக்கு வந்தாள். ஒரு பக்கமாகச் சாய்ந்து நடந்து வந்தாள். அந்த நடை தையலக்காவுக்கு மனப்பாடம். அதே நடையோடு வீட்டில் ஒருவர் இருக்கிறார்.

"அக்கா, கொஞ்ச நேரம் இந்த மேசைமேல நீட்டிப் படுத்துக்கவா? வேற எங்க படுத்தாலும் பாத்துட்டு ஏதாவது சொல்வாங்க."

"படு கண்ணு. கத்தரிய மட்டும் தள்ளி வெச்சிக்க."

குருவி மல்லாந்து படுத்துக் கூரையைப் பார்த்தாள். கண்ணோரத்தில் வழிந்ததைத் துடைத்துக்கொள்ளவில்லை. "எனக்குப் பயம்னு சொல்றாங்க அக்கா. பயமா இருந்தா நான் ஏன் ஏறி உக்காரப்போறேன்? வளைவுக்கு முன்னாடி அடிக்கிற அடியில கண்ணு ரெண்டா தெரியுது. பிரேக் போடணும்னு காட்டுற போர்டு எந்தப் பக்கம்னே தெரியல. ஆரம்பத்துல நல்லாத்தான இருந்திச்சு. மூணாம் நம்பர் தரை இருந்த வரைக்கும் ஒண்ணுமே இல்ல."

தையலக்காவின் கை மேசையின் ஓரத்தில் இருந்தது. விரல் தன்பாட்டுக்கு ரப்பர் விரிப்புக்கு அடியில் போனது. ஓரம் நெடுக ஒரு மேடு. நுரைப்பட்டை வைத்து, மேலும் கீழும் போர்த்தி, அவளே தேய்த்து மழமழப்பாக்கிய மேடு.

"நீ எதுமேல படுத்திருக்க தெரியுமா?" என்றாள்.

குருவிக்குப் புரியவில்லை. தையலக்கா விளக்கிக்கொண்டு நிற்கவில்லை. அட்டைகள் போடும் பெட்டியைக் கொட்டி, மூன்றாம் நம்பர் தரையின் அட்டையைத் தேடி எடுத்து, கண்ணாடியை மூக்கில் ஏற்றித் தன் எழுத்தைத் தானே படித்தாள். ஓரம் இப்போது வளையாது. மூலையில் சாய்த்து வைத்திருந்த ஐந்தாம் நம்பர் தரையிடம் போய் ஓரத்தைக் கட்டைவிரலால் அமுக்கினாள். அது பணிவாக வளைந்து கொடுத்தது. திரும்பி வந்து மேசையை அமுக்கினாள். அது அசையவே இல்லை.

வேகம் கூடக்கூடக் காற்று அந்த ஓரத்தைக் கீழே இழுக்கிறது. ஓரம் சாலையை நெருங்கினால் வழி அடைபடுகிறது. அடைபட்டால் பிடி விடுகிறது. காரின் தாழ்வு குதிக்க வைக்கவில்லை. ஓரம்தான் படபடத்துக் குதிக்க வைக்கிறது. பட்டி வைக்காத திரைச்சீலை. அவ்வளவுதான் விஷயம்.

அட்டையை எடுத்துக்கொண்டு நேரே காத்து சாரின் அறைக்குப் போனாள். அங்கே பாதி அளவில் செய்த மாதிரிக் கார் ஒன்று தாங்கியில் நிற்கும். விண்ட் டனலில் வைத்துக் காற்றை ஊதிச் சோதிப்பது அதைத்தான். அவள் சொன்னதையெல்லாம் சார் பொறுமையாகவே கேட்டார். அந்தப் பொறுமைதான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அக்கா, இதெல்லாம் டனல்ல நூறு தடவை பாத்தாச்சு. ஓரத்தால ஒண்ணும் வரல."

தையலக்கா குனிந்து மாதிரிக் காரின் அடியில் விரல் முட்டியால் தட்டினாள். டிங் என்றது. "இது என்ன சார்?"

"அலுமினியம்."

"கட்டி அலுமினியம். இது எந்தக் காத்துக்கு வளையும்? நூறு தடவை இல்ல, ஆயிரம் தடவை ஊதுங்க, வளையாது. நான் செய்யிறது ஏழு அடுக்குத் துணி சார்."

"கம்ப்யூட்டர்லயும் போட்டுப் பாத்தோம்."

"அதுல ஓரம் வளையுதா?"

"வளையாதுன்னு வெச்சுத்தான் கணக்குப் போடுவோம்" என்றார். சொன்ன பிறகு அது தனக்கே பிடிக்காதவர் மாதிரி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "சரி, நீங்க சொல்றபடியே வெச்சாலும் ரெண்டு பக்கமும் சேத்து அறுநூத்தி எம்பது கிராம். அறுநூத்தி எம்பது! ஒவ்வொரு கிராமுக்கும் நான் தலைகீழா நிக்கிறேன் அக்கா."

"அந்தப் பொண்ணோட முதுகெலும்பு எத்தன கிராம் சார்? அதையும் எடை போட்டு வெச்சிருக்கீங்களா?"

"அக்கா, நீங்க துணி வேலைல கெட்டிக்காரங்க. யாரும் இல்லன்னு சொல்லல. காத்து என் வேலை."

"காத்து உங்க வேலைதான். அந்தக் காத்து படுறது என் துணிமேல."

சார் திரும்பிக் கம்ப்யூட்டரைப் பார்க்கத் தொடங்கினார். அட்டை மேஜைமேல் கிடந்தது. அவர் அதன்மேல் டீ கப்பை வைத்ததைக் கதவருகில் நின்று பார்த்துவிட்டுத்தான் அவள் வெளியே வந்தாள்.

பந்தயத்துக்கு முந்தின நாள் காலை ஆறாம் நம்பர் தரை தயாரானது. சார் இன்னும் ஓர் அடுக்கைக் குறைக்கச் சொல்லியிருந்தார். படத்தில் உள்ளபடி, இழை பிசகாமல், அப்பழுக்கில்லாமல் செய்து முடித்தாள். ரிலீஸ் தாள் வந்தது. எந்தப் பாகமும் காரில் ஏறுவதற்கு முன்னால் அதைச் செய்தவர் அந்தத் தாளில் கையெழுத்துப் போட வேண்டும். தையலக்கா கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் எழுதினாள்: "படத்தில் உள்ளபடி செய்திருக்கிறேன். ஓரம் வளையும், கார் குதிக்கும். இது ஓடத் தகுதியில்லை. கையெழுத்துப் போட மாட்டேன்."

மேனேஜர் ஓடிவந்தார். அவர் கத்துகிறவர் அல்ல. மெதுவாகப் பேசியே ஆளைக் கரைப்பவர். "அக்கா, பதினோரு வருஷமா இங்க இருக்கீங்க. ஒரு கையெழுத்துக்காக எல்லாத்தையும் கெடுத்துக்காதீங்க. வேற ஆள் பாக்க எனக்கு ஒரு நாள் போதும்."

"பாத்துக்கோங்க சார். வர்ற ஆளு இந்தத் தரையச் செஞ்சிருக்க மாட்டாங்க. செஞ்சது நானு. செஞ்சவ போட மாட்டேன்னா, போடச் சொன்னவரு அவரு பேர்ல போடலாம்னு உங்க சட்டத்துலயே இருக்கு. போடச் சொல்லுங்க. நான் தடுக்கல."

"நீங்க நாளைக்கு வரணுமா வேண்டாமான்னு நான் யோசிக்க வேண்டியிருக்கும்."

"யோசிங்க. நாளைக்கு நான் வருவேன். லாரியில என் மேசையும் வரும். மேசை இல்லாம நான் அங்க ஒரு துண்டு ஒட்ட மாட்டேன், சொல்லிட்டேன்."

மேசைக்காக ஒற்றைக்காலில் நிற்கிற இந்தப் பைத்தியத்தை என்ன செய்வது என்று மேனேஜருக்குத் தெரியவில்லை. மெக்கானிக்குகளின் தலைவர் மட்டும் மேசையைத் தூக்கும்போது அதன் அடியைப் பார்த்தார், தையலக்காவைப் பார்த்தார், மீசைக்குள்ளேயே சிரித்துக்கொண்டு லாரியில் ஏற்றினார்.

சாயங்காலம் வீட்டில் புருஷன் பலகையில் படுத்தபடியே எல்லாவற்றையும் கேட்டார்.

"வேலை போயிடும்னு பயமா இருக்கா?"

"இருக்குங்க. கையெழுத்துப் போட்டிருந்தா அதவிடப் பயமா இருந்திருக்கும்."

"என் நோட்டுல யாராவது ஒருத்தன் இப்படி முடியாதுன்னு எழுதியிருந்தா நான் இப்ப குனிஞ்சு செருப்புப் போட்டிருப்பேன்" என்றார். "எழுதினதுதான் எழுதினே, பெரிய எழுத்தா எழுதினியா?"

"என் எழுத்து எப்பவும் பெரிசுதான்."

மறுநாள் பந்தயத் திடலில், பயிற்சி ஓட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால், காத்து சார் ரிலீஸ் தாளைப் பிடித்துக்கொண்டு நின்றார். தையலக்கா எழுதியதை இரண்டு தடவை படித்தார். பிறகு பேனாவைத் திறந்து, தன் பேரில் கையெழுத்துப் போட்டார். கெட்டிக்காரருக்கும் ரோஷம் உண்டு. அந்த ரோஷம்தான் போட்டது. ஆறாம் நம்பர் தரை காரில் ஏறியது. குருவி உள்ளே இறங்குவதற்கு முன்னால் தையலக்காவைத் திரும்பிப் பார்த்தாள். "முடியலன்னா திரும்பி வந்துடு. அவங்க என்ன சொல்வாங்கன்னு பாக்காத" என்றாள் தையலக்கா.

மூன்று சுற்று. முதல் சுற்றிலேயே நேர்ச்சாலையில் கார் குதித்த குதியில் குருவியின் ஹெல்மெட் தனியாக ஆடியது எல்லாருக்கும் தெரிந்தது. தரை சாலையில் உரசி நெருப்புப்பொறி பறந்தது. இரண்டாவது சுற்றில் வளைவுக்கு முன்னால் பிரேக்கைத் தாமதமாக மிதித்துப் புல்லில் இறங்கி ஏறினாள். மூன்றாவதில் அவளே திரும்பி உள்ளே வந்து என்ஜினை நிறுத்தினாள். இரண்டு பேர் பிடித்துத் தூக்கித்தான் வெளியே எடுக்க முடிந்தது. அவள் முகம் வெள்ளைக் காகிதமாக இருந்தது.

"இந்தத் தரையோட நான் ஏற மாட்டேன். வேற ஆளப் போடணும்னா போட்டுக்கோங்க. ஏறுறவங்ககிட்ட மொதல்ல அந்தத் தாளப் படிச்சுக் காட்டுங்க" என்றாள்.

மேனேஜர் காத்து சாரைப் பார்த்தார். காத்து சார் குனிந்து காருக்கு அடியில் எட்டிப் பார்த்தார். தரையின் ஓரம், வெளிப்பக்கம் மட்டும், வில் மாதிரி வளைந்து தேய்ந்திருந்தது. நடுப்பகுதியில் ஒரு கீறல் இல்லை. கார் தாழ்ந்து உரசியிருந்தால் நடுவும் தேய்ந்திருக்க வேண்டும். அதைப் புரிந்துகொள்ள அவருக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியிருக்கவில்லை.

எழுந்து வந்து, "மூணாம் நம்பர் இப்ப இருந்தா..." என்று இழுத்தார்.

தையலக்கா கூடாரத்துக்குள் போனாள். மேசைமேலிருந்த பசை டப்பாவையும் துணிச் சுருளையும் இறக்கி வைத்தாள். ரப்பர் விரிப்பை உருவினாள். மெக்கானிக்குகளின் தலைவர் ஏற்கனவே ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"வெட்டி எறியச் சொன்னீங்களே, இதுவா பாருங்க" என்றாள்.

நாற்பது நிமிஷத்தில் மாட்டினார்கள். அறுநூற்று எண்பது கிராமும் கூடவே ஏறியது. மேலே கத்தரிக்கோல் கீறல்கள் வேறு. நேர்ச்சாலையில் அந்த எடை கொஞ்சம் இழுத்தது, பொய் சொல்லக்கூடாது. ஆனால் காரை எட்டு மில்லிமீட்டர் தாழ்த்தியும் அது குதிக்கவில்லை. வளைவுகளில் குருவி ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுக்கவே இல்லை. ஆறாம் நம்பரோடு ஓடியதைவிட ஒரு சுற்றுக்கு ஒன்றரை நொடி குறைவு. பந்தயத்தில் ஜெயித்துவிடவில்லை, ஐந்தாவதாக வந்தாள். ஐந்தாவதாக வந்து, யாரும் பிடிக்காமல், தன் காலாலேயே காரிலிருந்து இறங்கி நடந்தாள். தையலக்கா அந்த நடையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். சாயாத நடை. அவளுக்கு அழுகை வந்தது, அழுதாள், மூக்கைச் சிந்திக்கொண்டு போய் முக்காலிகளை மடக்கினாள்.

இனியும் குருவியே ஓட்டட்டும் என்று மேனேஜர் சொன்னார். தையலக்காவிடம் அவர் ஒன்றும் சொல்லவில்லை. அவளும் எதையும் எதிர்பார்க்கவில்லை.

மறு வாரம் திங்கட்கிழமை காத்து சார் துணி வெட்டும் அறைக்கு வந்தார். கையில் ஏழாம் நம்பர் தரையின் புதுப்படம். ஓரம் நெடுகப் பட்டி வரைந்திருந்தது. இழை எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று அம்புக்குறிகூடப் போட்டிருந்தார்.

"பட்டிய இன்னும் கொஞ்சம் குறுக்கினா நூறு கிராம் மிச்சமாகும்னு தோணுது. உங்ககிட்ட கேக்காம குறுக்கல. நீங்க பாத்துட்டுக் கையெழுத்துப் போட்டா வேலைய ஆரம்பிச்சிடலாம்" என்றார். பிறகு, "அந்த அட்டைய நான் அன்னைக்கே படிச்சிருக்கணும் அக்கா" என்றார்.

தையலக்கா படத்தைப் பார்த்தாள். நன்றாகத்தான் இருந்தது. பேனாவை எடுக்கவில்லை. பிரீசருக்குப் பின்னால் போய், பழைய பிஸ்கட் டின் ஒன்றையும், அதைவிடப் பழைய செருப்பு அட்டைப்பெட்டி இரண்டையும் எடுத்துவந்து அவர் முன்னால் வைத்தாள். மூடியைத் திறந்தாள். பதினோரு வருஷத்து அட்டைகள், விளிம்பு பழுத்து, நெருக்கியடித்துக்கொண்டு கிடந்தன. ஒவ்வொன்றின் அடியிலும் "பார்த்தவர்" என்ற இடம் காலி.

"நீங்க அந்த ஒண்ண மட்டும்தான் படிக்கலன்னு நினைச்சிட்டிருக்கீங்க" என்றாள். ஸ்டூலைக் காலால் அவர் பக்கம் தள்ளினாள். "உக்காருங்க சார். எல்லாத்தையும் படிங்க. படிச்சதுல கையெழுத்துப் போடுங்க, பாத்தவர்ங்கிற எடத்துல. முடிச்சதும் நான் உங்க படத்துல போடுறேன்."

"எல்லாத்தையுமா? நானூறு இருக்கும் போலயே!"

"நானூத்திப் பன்னெண்டு."

காத்து சார் அவளைப் பார்த்தார். அவள் கத்தரிக்கோலை எடுத்துத் துணியை வெட்டத் தொடங்கிவிட்டாள். அவர் ஸ்டூலில் உட்கார்ந்து முதல் அட்டையை எடுத்தார். படித்தார். கையெழுத்துப் போட்டார். இரண்டாவதையும் போட்டார். ஏழாவதோ எட்டாவதோ அட்டையில் அவர் கை நின்றுவிட்டது.

"அக்கா, இது ரெண்டு வருஷம் முன்னாடி பின் இறக்கை கழண்டு விழுந்திச்சே... அதுக்கு ஒரு மாசம் முன்னாடியே இத எழுதியிருக்கீங்க."

"ஆமா" என்றாள் தையலக்கா, துணியிலிருந்து கண்ணை எடுக்காமல். "கையெழுத்துப் போட்டுட்டு அடுத்ததப் படிங்க."